ரெஸ்யூமே அடிச்சாச்சு, இனி வேலை தேடலாம்லா?

டவுன்வாசி | 6 அக்டோபர் 2025, இரவு 9:40

பி.காம். 2021ல முடிச்சது. நெல்லை டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில பில்லிங், கணக்கு, மூணு வருஷம். பொங்கல் கழிஞ்சு சென்னை இல்லன்னா கோயம்புத்தூர் பக்கம் தேடலாம்னு யோசனை. டிடிபி சென்டர்ல ரெஸ்யூமே அடிச்சு 20 காப்பி எடுத்தாச்சு. என் கணக்குல தயாரிப்பு அவ்வளவுதான். இன்டர்வியூல்லாம் நாலு போனா தானா பழகும். கூட்டாளி ஒருத்தன் மூணு மாசம் தயாராகணுங்கான். மூணு மாசம் என்னத்தத் தயாராக?

பாலத்தடி | 6 அக்டோபர், இரவு 10:25

மூணு மாசம் உங்களுக்கு இல்லை தம்பி, ஆபீசுகளுக்கு.

ரெஸ்யூமே ஒரு சாயங்கால வேலை. ஆதாரில் பெயர் திருத்தம், பட்டச் சான்று, சாதிச் சான்று, முதலாளி கையெழுத்துப் போட்ட அனுபவக் கடிதம் எல்லாம் அடுத்தவர் மேசையில் கிடப்பவை. நாம் அவசரப்பட்டாலும் நகராது. அதனால் அடுத்தவர் கையில் இருப்பதை முதலில் கிளப்பிவிட வேண்டும். அது நடக்கிற இடைவெளியில் நம் கையில் இருப்பதைப் பார்த்துக்கிடலாம். ஊரில் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ரெஸ்யூமேயை எட்டு தடவை மாற்றுவார்கள், ஆஃபர் வந்த பிறகுதான் பான் கார்டைத் தேடுவார்கள்.

இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை. பாயை விரித்து எல்லாக் காகிதத்தையும் பரப்புங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிளஸ் டூ, ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட் (அரியர் விழுந்ததும் சேர்த்து), புரொவிஷனல், பட்டம், ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், சாதிச் சான்று, பிறப்புச் சான்று. ஒரு நோட்டில் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, இடைவெளி, புள்ளி உட்பட எழுதுங்கள். பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி. ஆதாரில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றிக்கொள்ளலாம்.

டவுன்வாசி | 7 அக்டோபர், காலை 7:15

எழுதினேன் அண்ணாச்சி. நாலு பேர் இருக்கோம் போல. முழுப் பேரை இங்க போட முடியாது, மாதிரிக்கு மாத்திச் சொல்லுதேன். பத்தாம் வகுப்புல 'முருகன் சு'. ஆதார்ல வெறும் 'முருகன்'. பான்ல 'முருகன் சுடலைமுத்து'. பாஸ்புக்ல 'சு.முருகன்'. அப்பா பேரு ஒண்ணுல 'சுடலைமுத்து', இன்னொண்ணுல நடுவுல இடம் விட்டு 'சுடலை முத்து'.

பாலத்தடி | 7 அக்டோபர், காலை 8:02

சுத்தமான நெல்லைக் குழப்பம். வடக்கே இருப்பவர்களுக்குக் குலப்பெயர் ஒன்று இருக்கும், நமக்கு இனிஷியல். பான் விண்ணப்பம் முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியலை ஏற்காது, அதனால் அப்பா பெயர் முழுசாக உள்ளே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அதே அப்பா ஒற்றை எழுத்தாக நிற்பார். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். பெங்களூரில் உட்கார்ந்து சரிபார்க்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

பாளை வாசகி | 9 அக்டோபர், மதியம் 1:30

பாலத்தடி அண்ணன் 6ஆம் தேதி சொன்னதில் ஒரு இடத்தில் நிறுத்துங்க. அடிப்படை ஆதார் இல்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். ஆதாரில் பெயரை வாழ்நாளில் ரெண்டு தடவை திருத்த விடுவாங்க, பிறந்த தேதியை ஒரு தடவை. பத்தாம் வகுப்புச் சான்றைத் திருத்த சென்னையில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை கோப்பு போகணும். அசையாததை வச்சு அசையுறதை மாத்துங்க.

பாலத்தடி | 9 அக்டோபர், இரவு 9:10

வாசகி சொன்னதுதான் சரி. என் வரியை அடித்துவிடுங்கள்.

ஆகவே வரிசை இது. முதலில் ஆதாரை 'முருகன் சு' என்று மாற்றுங்கள், பத்தாம் வகுப்புச் சான்றோடு போங்கள். மையத்தில் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். போகும்போதே உங்கள் கைபேசி எண் ஆதாரில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அம்மா எண்ணோ, எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மோ இருந்தால் இனி வரும் எல்லா ஓடிபியும் அங்கேதான் போகும்.

ஆதார் மாறின பிறகு வங்கி. அதற்குப் பிறகு பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பானில் அப்பா பெயர் விரிந்து நிற்பதால் இணைப்பு தட்டினால் மட்டும் திருத்தம் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். அந்த வேறுபாட்டுக்கு நோட்டரியிடம் 'இந்த ரெண்டு பெயரும் ஒரே நபர்' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால் தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் போதும். பெயரையே மாற்றியவர்களுக்குத்தான் அரசிதழ்.

ஆதாரை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பிஎஃப்பின் யுஏஎன் எண் (வேலை மாறினாலும் மாறாத கணக்கு எண்) இப்போது அரசின் உமாங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் உருவாகிறது. ஆதாரில் என்ன பெயரோ அதுவே பிஎஃப்பில் உட்காரும். பிறகு அதைத் திருத்துவது தனி வேலை.

ஆலங்குளம்95 | 12 அக்டோபர், மாலை 6:50

பெயர் எனக்குச் சரியா இருக்கு. மாவட்டம்தான் பிரச்சினை. பிறப்புச் சான்றில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்', பள்ளிச் சான்றில் 'திருநெல்வேலி', ஆதாரில் 'தென்காசி'. மூணு ஊரில் குடியிருந்தீங்களான்னு வெரிஃபிகேஷன் கம்பெனி கேட்குது.

பாலத்தடி | 12 அக்டோபர், இரவு 8:35

ஆள் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்தது. 1986இல் தூத்துக்குடி தனியாகப் பிரிந்து சிதம்பரனார் மாவட்டம் ஆனது. நம்முடையது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆனது. 1997இல் தலைவர்கள் பெயரை எல்லாம் எடுத்து ஊர்ப் பெயரே திரும்பி வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம், ஆலங்குளம் அதோடு போய்விட்டது. இதை மூன்று வரியில் ஆங்கிலத்தில் எழுதி, 'கிராமம் மாறவில்லை, மாவட்டம்தான் அரசால் மாற்றப்பட்டது' என்று சேர்த்து, மின்னஞ்சலில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட அன்றைக்கே அனுப்பலாம். படிவத்தில் 'பிறந்த மாவட்டம்' என்று வந்தால் சான்றில் இருக்கிறபடியே போடுங்கள், 'தற்போதைய மாவட்டம்' என்றால் தென்காசி.

பாளை வாசகி | 13 அக்டோபர், காலை 11:05

சாதிச் சான்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய். பழைய கையெழுத்துச் சான்று இருந்தாலும் ஆன்லைனில் சரிபார்க்கக் கூடிய புதுசு ஒண்ணு எடுத்துடுங்க. வங்கித் தேர்வு, ரயில்வே, எஸ்எஸ்சி எழுதுறவங்களுக்கு மாநில பிசி, எம்பிசி சான்று செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று வேணும், கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லைங்கிற வரியோட. அந்த நிதியாண்டில் எடுத்ததா கேட்பாங்க. போன வருஷச் சான்றோட போய் பொதுப் பிரிவுல நிக்கிறவங்க உண்டு.

கல்யாணமான பெண்களுக்கு ஒண்ணு. டிஎன்பிஎஸ்சிக்குச் சாதிச் சான்று அப்பா பெயரில்தான் இருக்கணும். கணவர் பெயர் போட்டு வாங்கினா ஏத்துக்க மாட்டாங்க.

டவுன்வாசி | 13 அக்டோபர், இரவு 10:20

நான் அரசு வேலைக்கு எழுதல அக்கா. ஆனா வீட்ல குரூப் 4 எழுதச் சொல்லிக்கிட்டே இருக்காவ.

பாளை வாசகி | 14 அக்டோபர், மதியம் 1:15

எழுதினாலும் எழுதாட்டியும் தமிழ்வழிச் சான்றை இப்பவே வாங்கிடுங்க. 20 சதவீத ஒதுக்கீடு அது. முன்ன பட்டப்படிப்பு தமிழ்வழியில் படிச்சாப் போதும்னு இருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒண்ணாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படிச்சிருக்கணும், ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனிக் கையெழுத்து. தொடக்கப் பள்ளி ஒண்ணு, உயர்நிலை ஒண்ணு, மேல்நிலை ஒண்ணுன்னா மூணு தலைமை ஆசிரியர், பட்டம் கேட்கிற தேர்வுன்னா அதுக்கு மேல கல்லூரி. படிவத்தை டிஎன்பிஎஸ்சி தளத்திலிருந்து எடுத்துட்டுப் போங்க, பள்ளி லெட்டர்பேடில் அவங்க இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்தா ஆகாது. அரையாண்டு விடுமுறைக்கு முன்ன போகணும். ஏப்ரல், மே பக்கம் போனா பூட்டைத்தான் பார்ப்பீங்க.

டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், 5 வருஷம் செல்லும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். அந்த ஆபீஸில் தன்னார்வப் பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு நடக்கும், அதைக் கேட்டு வாங்கிக்கோங்க.

பாலத்தடி | 17 அக்டோபர், இரவு 9:55

தீபாவளிக்கு மூணு நாள். டவுன்வாசி இப்போது மூச்சு விடக்கூட நேரமில்லாமல் பில் போட்டுக்கொண்டிருப்பார். அவருக்காக எழுதி வைக்கிறேன், கடை ஓய்ந்த பிறகு படிக்கட்டும்.

அனுபவக் கடிதம். தீபாவளிக்கு முன் கேட்கவே கேட்காதீர்கள். சீசனில் ஆள் போகிறான் என்று தெரிந்தால் எந்த முதலாளிக்கும் முகம் மாறும், போனஸும் பாக்கி இருக்கும். நவம்பர் ரெண்டாம் வாரம் சரியான நேரம். கடிதத்தில் இருக்க வேண்டியவை: கடையின் லெட்டர்பேட், ஜிஎஸ்டி எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, என்ன வேலை, கையெழுத்து, சீல், தொடர்பு எண். 'நல்ல பையன், ஒழுக்கமானவன்' என்று அரைப் பக்கம் எழுதித் தருவார்கள். அது கல்யாணத்துக்கு உதவும்.

சம்பளம் கையில் ரொக்கமாக வாங்குகிறவர்கள் இப்போதே வங்கியில் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் வாங்கிய அன்றே அதே தொகையை நீங்களே கணக்கில் கட்டுங்கள். ஊதியச் சீட்டு இல்லாத கடைக்கு ஆறு மாத வங்கி அறிக்கைதான் சாட்சி.

பேட்டை பிட்டர் | 23 அக்டோபர், மாலை 5:30

எல்லாரும் பி.காம்.கே எழுதுதீங்களே. ஐடிஐ முடிச்சவனுக்கு யார் சொல்லுவா? நான் சொல்லுதேன்.

கங்கைகொண்டான் சிப்காட், மகேந்திரகிரி இஸ்ரோ, கூடங்குளம், தூத்துக்குடி. நம்ம பயலுவ சுத்துறது இந்த நாலு இடந்தான். என்டிசி சான்றை (ஐடிஐ முடிச்சதுக்குக் குடுக்குறது) டிஜிலாக்கர்ல இறக்கி, பேரு பத்தாம் வகுப்போட ஒத்துப்போகுதான்னு முதல்ல பாரு. அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர் பயிற்சி) ஒரு தடவைதான். ஏதோ ஒரு சின்னப் பட்டறையில போர்ட்டல்ல பதிஞ்சு அப்ரண்டிஸ் முடிச்சுட்டு, பிறகு மகேந்திரகிரிக்குப் போட முடியாது. அதனால எங்க பதியுறோம்னு யோசிச்சுப் பதியணும். அறிவிப்புல எந்த வருஷம் பாஸ் ஆனவங்கன்னு போட்டிருப்பான், அதையும் வாசி.

டிரேட் டெஸ்ட்ல (செய்முறைத் தேர்வு) தோக்குறது பெரிய கேள்வியில இல்ல. வெர்னியர் லீஸ்ட் கவுண்ட், அதான் அளக்க முடியுற ஆகச் சின்ன அளவு, எவ்வளவு? 0.02 மிமீ. மைக்ரோமீட்டர்? 0.01. எம்10 டேப் அடிக்க (10 மிமீ மரை வெட்ட) எத்தனை டிரில் போடுவ? 8.5, ஏன்னா பிட்ச், அதான் மரைக்கு மரை தூரம், 1.5, பத்துல இருந்து கழி. எம்8க்கு? பிட்ச் 1.25, அப்போ 6.75, கையில 6.8 டிரில் எடுப்போம். இதை மனப்பாடமா சொன்னா விடமாட்டான், ஏன்னு கேப்பான். கையில ஒரு துண்டக் குடுத்து மூணு இடத்துல அளக்கச் சொல்லுவான். வெர்னியர் ஜா-வை (தாடை) இறுக்கிப் பிடிச்சு அளந்தா அங்கேயே தெரிஞ்சுபோவும் எத்தனை நாள் வெர்னியர் தொட்டிருக்கேன்னு.

பாலத்தடி | 23 அக்டோபர், இரவு 9:00

பிட்டர் அண்ணாச்சி சொன்ன முறைதான் பி.காம்.க்கும். 'டேலி தெரியும்' என்று எழுதுவது வெர்னியர் தெரியும் என்று எழுதுவது மாதிரி. அளந்து காட்ட வேண்டும்.

ஜவுளிக்கடை பில்லிங் ஆளுக்குக் கையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. செப்டம்பர் 22ஆம் தேதி ஜிஎஸ்டி மாறியது. அதற்கு முன் ஆயத்த ஆடை ஒன்று 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே போனால் 12. இப்போது 2,500 வரை 5, மேலே 18. தீபாவளிச் சீசன் தலைக்கு மேல் நிற்க, இருப்பில் 1,000 ரூபாய்க்கு மேலான ஆயத்த ஆடை ஒவ்வொன்றுக்கும் சாஃப்ட்வேரில் வரி மாற்றியாக வேண்டிய நிலை. அதைச் செய்த ஆள் நீங்கள். ரெஸ்யூமேயில் 'பில்லிங் வேலை பார்த்தேன்' என்றா எழுதுவீர்கள்?

நேர்முகத்தில் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,800 ரூபாய் விலை ஒட்டிய சட்டைக்கு எத்தனை சதவீதம்? 18 என்று பாய்ந்து சொன்னால் பாதிதான் சரி. 15 சதவீதம் தள்ளுபடி போட்டு 2,380க்கு விற்றால் 5. வரி பார்ப்பது விற்ற விலையை, ஒட்டிய விலையை அல்ல. அதே 2,800க்குப் பட்டுச் சேலை? சேலை துணிக் கணக்கில் வரும், விலை எதுவானாலும் 5. இந்த மூன்று வரியை நிதானமாகச் சொல்கிறவரிடம் 'உங்கள் பலம், பலவீனம் என்ன' என்று யாரும் நேரத்தை வீணாக்கமாட்டார்கள்.

இதோடு தேதிகள்: ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) மாதம் 11, 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல்) வருவது 14, 3பி (மாத வரிக் கணக்கு) மாதம் 20, டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரி) கட்டுவது அடுத்த மாதம் 7. 2பி-யையும் கொள்முதல் பதிவையும் ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாத பில் எது என்று கண்டுபிடிக்கிற வேலையை ஒரு மாதக் கணக்கில் நீங்களே செய்து பழகுங்கள். கணக்கர் வேலைக்கு அதுதான் டிரேட் டெஸ்ட்.

டவுன்வாசி | 26 அக்டோபர், காலை 10:45

இப்பத்தான் மூச்சு வந்துச்சு. அண்ணாச்சி, அந்தச் சட்டை விஷயம் கடையிலயே முதல் ரெண்டு நாள் தப்பாப் போட்டாங்க. நான்தான் பிடிச்சேன். அத எழுதலாமா?

பாலத்தடி | 26 அக்டோபர், காலை 11:20

எழுதலாம், கடையைக் குறை சொல்லாமல். 'வரி மாற்றத்தின்போது தள்ளுபடிக்குப் பிந்தைய விலை அடிப்படையில் விகிதம் சரிபார்த்துத் திருத்தினேன்.' எத்தனை சரக்கு என்ற எண்ணையும் சேருங்கள். குத்துமதிப்பு வேண்டாம், சாஃப்ட்வேரில் எண்ணிப் பாருங்கள்.

ரெஸ்யூமே பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒரு பக்கம். அப்பா பெயர், சாதி, மதம், ரத்த வகை, 'மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதி கூறுகிறேன்' எதுவும் வேண்டாம், அது பயோடேட்டா காலத்து வழக்கம். டிடிபி சென்டரில் ரெண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் போட்டு, பக்கத்துக்கு நட்சத்திரம் ஒட்டித் தருவார்கள். வேலைத் தளங்களின் மென்பொருள் அதைக் குறுக்கே வாசித்து, கல்லூரிப் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரே வரியாக்கிவிடும். ஒற்றைப் பத்தி, பிடிஎஃப், கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 3' என்று போனால் அவர்கள் கணினியில் அதே பெயரில் இன்னும் நாற்பது இருக்கும். தமிழில் ஏதாவது எழுத வேண்டியிருந்தால் யூனிகோட். பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் எதிர்முனையில் கரப்பான்பூச்சி ஊர்ந்த மாதிரிதான் தெரியும்.

பாளை வாசகி | 28 அக்டோபர், மதியம் 1:40

படம், கையெழுத்துக் கோப்புகளையும் இப்பவே தயார் பண்ணி வச்சுக்கோங்க. வங்கித் தேர்வுக்கு படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இடது பெருவிரல் ரேகை, அதோட ஆங்கிலத்தில் கையால் எழுதின உறுதிமொழி 50 முதல் 100 கேபி. எல்லாம் கறுப்பு மையில, வெள்ளைத் தாளில. கையெழுத்தோ உறுதிமொழியோ முழுக்கக் கேபிட்டல் எழுத்தில் இருந்தா தள்ளிடுவாங்க. கடைசித் தேதி ராத்திரி போட்டோவைச் சுருக்கத் தெரியாம உட்கார்ந்திருக்கிறதைவிட ஒரு ஞாயித்துக்கிழமை இதுக்கு ஒதுக்குங்க.

டவுன்வாசி | 2 நவம்பர், இரவு 9:05

சம்பளம். ஒரு இடத்துல வருஷம் 3 லட்சம் சிடிசிங்காங்க. மாசம் 25,000. இங்க 14,000. கண்ணை மூடிட்டுப் போயிரலாம்லா?

பாலத்தடி | 2 நவம்பர், இரவு 10:50

கண்ணைத் திறந்து கணக்குப் போடுவோம். சிடிசி என்பது கம்பெனிக்கு நீங்கள் எவ்வளவு செலவு என்பது, உங்கள் கையில் வருவது அல்ல.

மாதம் 25,000. அடிப்படைச் சம்பளம் பாதி, 12,500 என்று கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,500. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள், 601. ரெண்டையும் கழித்தால் மொத்தச் சம்பளம் 22,899. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,500. கையில் 21,399. மொத்தச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் இஎஸ்ஐயும் (மருத்துவக் காப்பீடு) வரும், உங்கள் பங்கு 0.75 சதவீதம். இங்கே வரம்பைத் தாண்டிவிட்டதால் இல்லை. இன்சூரன்ஸ் பிரீமியம், 'வேரியபிள்' என்று வேறு ஏதாவது சிடிசிக்குள் ஒளிந்திருந்தால் இன்னும் குறையும். ஆஃபருக்கு முன்பே கேளுங்கள்: நிலையான தொகை எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, அது எப்போது வரும்.

பேட்டை பிட்டர் | 3 நவம்பர், காலை 6:40

தொழில் வரிய விட்டுட்டீரே வே.

பாலத்தடி | 3 நவம்பர், காலை 7:30

விட்டுவிட்டேன். அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், ஆண்டுக்கு 2,500க்கு மேல் போகாது. முழுசாகப் பிடித்தாலும் மாதம் 208. ஆக 21,191.

இதில் ஹாஸ்டல் சாப்பாட்டோடு 8,500, பஸ் 1,200, கைச்செலவு 2,500, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊர் வந்து போக மாதக் கணக்கில் 500 என்று வைத்தால் 8,491 மிஞ்சும். தொகைகள் மாதிரிக்கு. நீங்கள் போகிற பகுதியில் கேட்டு மாற்றிப் போடுங்கள். வீட்டில் தின்று, வீட்டில் தூங்கி, 14,000 வாங்குகிற இடத்தில் இப்போது எவ்வளவு மிஞ்சுகிறது? அதைப் பக்கத்தில் எழுதுங்கள். ரெண்டும் ஒன்றாக இருந்தாலும் போகலாம், வேலை கற்றுக்கொள்ள. ஆனால் தெரிந்து போக வேண்டும். நேர்முகத்தில் 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்டால் சொல்ல வேண்டிய கீழ் எல்லையும் இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

முதல் மாதம்தான் ஆளைக் கவிழ்க்கும். பல இடங்களில் சம்பளக் கணக்கு மாதம் 20ஆம் தேதி வாக்கில் மூடிவிடும். ஜனவரி 22 சேர்ந்தால் முதல் சம்பளம் பிப்ரவரிக் கடைசியில். அதற்குள் ஹாஸ்டல் முன்பணம் ஒரு மாதம், வாடகை ரெண்டு மாதம், 25,500. பஸ்ஸும் கைச்செலவும் சேர்த்தால் 30,000க்கு மேல். இதைச் சேர்க்காமல் ராஜினாமா எழுத வேண்டாம்.

டவுன்வாசி | 3 நவம்பர், இரவு 9:15

என்கிட்ட 11,000 இருக்கு.

பாலத்தடி | 3 நவம்பர், இரவு 9:18

அப்போ பொங்கலுக்கு இல்லை, பங்குனிக்கு.

ஆலங்குளம்95 | 9 நவம்பர், மாலை 4:10

திசை மாத்துறேன், மன்னிக்க வேண்டாம். வளைகுடா போறதுக்கும் இதே காகிதம்தானா?

பாலத்தடி | 9 நவம்பர், இரவு 8:20

இதே காகிதம்தான், பொறுமை ரெண்டு மடங்கு. பாஸ்போர்ட்டில் குலப்பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமீரகத்தில் விசிட் விசாவுக்கே 2022 நவம்பரிலிருந்து சிக்கல். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கட்டத்தில் போட்டுவிடுங்கள். பட்டச் சான்றை லேமினேட் செய்யாதீர்கள். அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) முத்திரை பிளாஸ்டிக் மேல் விழாது, உரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து வரும். ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கலாம் என்று சட்டம் சொல்லும் உச்சம் 30,000, அதற்கு ஜிஎஸ்டி. ஒரிஜினல் சான்றிதழை ஏஜென்டிடமும் சரி, உள்ளூர்க் கம்பெனியிடமும் சரி, விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம்.

பேட்டை பிட்டர் | 10 நவம்பர், காலை 6:15

லேமினேட் பண்ணலன்னா மழைக்கு என்ன செய்ய? 2023 டிசம்பர் வெள்ளத்துல தாமிரவருணிக் கரையில எத்தன வீட்ல பீரோவோட சான்றிதழ் ஊறிப்போச்சு.

பாளை வாசகி | 10 நவம்பர், மதியம் 1:25

ஒவ்வொண்ணையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில போட்டு, ஃபைலை சிப் வச்ச பையில போட்டு, பரண்ல வையுங்க, பீரோ அடித்தட்டுல இல்லை. பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கர்ல இருக்கு, இறக்கிடுங்க. மீதியை 300 டிபிஐல ஸ்கேன் பண்ணி உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்கோங்க.

பாலத்தடி | 16 நவம்பர், இரவு 9:30

சின்னச் சின்னதாக விட்டுப்போனவை.

சென்னை நேர்முகத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் சொல்வார்கள். தட்கல் ஸ்லீப்பர் முந்தின நாள் காலை 11 மணி, ஏசி 10 மணி. 2025 ஜூலையிலிருந்து ஐஆர்சிடிசி கணக்கு ஆதாரோடு சரிபார்க்கப்பட்டிருந்தால்தான் ஆன்லைனில் தட்கல். அதை இப்போதே முடித்துவிடுங்கள், 10:58க்கு முடியாது. நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. வந்தே பாரத் இங்கே காலை 6 மணி வாக்கில் கிளம்பி மதியம் ரெண்டுக்குத்தான் போகும், அன்றைய காலை நேர்முகத்துக்கு ஆகாது. எழும்பூரில் கட்டுமான வேலை நடக்கும்போது சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவார்கள், டிக்கெட்டில் கடைசி நிலையத்தைப் பாருங்கள்.

வீடியோ நேர்முகம் என்றால் முந்தின நாள் அதே நேரத்தில், அதே இடத்தில் ஒரு ஆளோடு பேசிப் பாருங்கள். தெருவில் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிற நாளா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாடசாமிக்கு ம்யூட் பட்டன் கிடையாது.

காலர் டியூனை எடுத்துவிடுங்கள். ட்ரூகாலரில் உங்கள் எண்ணுக்கு என்ன பெயர் வருகிறது என்று வேறொருவர் ஃபோனில் பாருங்கள். 'மச்சான் கடை' என்று வந்தால் மாற்றுங்கள்.

அறிமுகம் தொண்ணூறு நொடி. பெயர், படிப்பு ஒரு வரி; பார்த்த வேலை நான்கு வரி, அதில் ஒன்று அந்தச் சட்டைக் கணக்கு; ஏன் இந்த வேலை என்று ஒரு வரி. அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பொழுதுபோக்கு கிரிக்கெட் எல்லாம் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு. ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள், மூன்றாவது தடவைதான் சகிக்கும்படி இருக்கும். ஆங்கிலம் தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள்.

டவுன்வாசி | 30 நவம்பர், இரவு 8:55

நிலவரம்: ஆதார் மாறிட்டு, வங்கியும் மாறிட்டு. பான் இணைப்பு தட்டல. தமிழ்வழிச் சான்று ரெண்டு பள்ளியில வாங்கியாச்சு, தொடக்கப் பள்ளி பாக்கி. முதலாளி கடிதம் குடுத்துட்டார், பைய, அவர் முகத்தைப் பாத்துத்தான் கேட்டேன், திட்டல. கையில 17,500. படம் தனியா அனுப்பிருக்கேன், கடிதத்தைப் பாத்துச் சொல்லுங்க. அந்த 20 காப்பி ரெஸ்யூமேய என்ன செய்ய?

பாலத்தடி | 30 நவம்பர், இரவு 9:40

பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, 2பி ஒப்பிட்டுப் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் பார்த்தேன். சேர்ந்த தேதி இருக்கிறது, சீல் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் இருக்கிறது. பதவியில் 'கடைப் பையன்' என்று போட்டிருக்கிறார், 'பில்லிங் மற்றும் கணக்கு உதவியாளர்' என்று மாற்றச் சொல்லுங்கள். விலகாமலே விலகிய தேதி கேட்க முடியாது என்பதால் இப்போதைக்கு 'இன்று வரை பணியில் உள்ளார்' என்று ஒரு வரி, கீழே இன்றைய தேதி. அந்தத் தேதியைத்தான் விட்டிருக்கிறார். நாளைக்கே திரும்பக் கொண்டு போங்கள், கல்யாணச் சீசன் கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால.